வேலிக்குள் பாடும் காடு

நைட்டிங்கேல் திருகோணமலைக்கு வருவதில்லை. ஐரோப்பாவிலும் மேற்காசியாவிலும் கூடு கட்டி, சகாராவுக்குத் தெற்கே குளிர்காலத்தைக் கழிக்கும் பறவை அது. அதன் பயணப் பாதையில் இலங்கை இல்லை. ஏப்ரல் மாதத்தில் இங்கிலாந்தின் தென்கிழக்குப் புதர்க்காடுகளுக்கும் பெர்லின் நகரப் பூங்காக்களுக்கும் அது திரும்பி வரும்போது, அதன் பாட்டைக் கேட்பதற்கென்றே மக்கள் இரவில் காடுகளுக்குப் போகிறார்கள். நள்ளிரவு தாண்டியும் விடாமல் பாடுவது பெரும்பாலும் இன்னும் துணை கிடைக்காத ஆண் பறவைதான். ஒரே பறவைக்கு நூற்றைம்பது, இருநூறு பாட்டுவகைகள் வரை தெரியும் என்று ஆய்வாளர்கள் எண்ணியிருக்கிறார்கள். இங்கிலாந்தில் கடந்த அரை நூற்றாண்டில் அதன் தொகை ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கு குறைந்துவிட்டது. கேட்கப் போகிறவர்களின் தவிப்புக்கு அந்த இழப்பும் ஒரு காரணம்.

நைட்டிங்கேலின் குடும்பத்தைச் சேர்ந்த, பாட்டில் அதற்குச் சற்றும் குறையாத ஒரு பறவை திருகோணமலைக் காடுகளில் இருக்கிறது. தமிழில் சோலைபாடி. சிங்களத்தில் வன பொல்கிச்சா. பறவையியலார் ஷாமா என்பார்கள். அதைத் தேடி யாரும் கூட்டமாகப் போவதில்லை. ஏன் போவதில்லை என்ற கேள்விக்கு விடை பறவையியலில் மட்டும் இல்லை. திருகோணமலைத் துறைமுகத்தின் வரலாற்றிலும் இருக்கிறது.

முதலில் பறவையைப் பார்த்துவிடலாம். தலையும் முதுகும் மினுங்கும் கருமை, மார்புக்குக் கீழே செம்பழுப்பு, வாலடியில் பளிச்சென்ற வெள்ளை, உடலை விட நீண்ட வால். திருகோணமலையிலிருந்து ஹொரவப்பொத்தானைப் பக்கம் போகும் வீதியிலும், கந்தளாய்க்கு அப்பால் ஹபரணைப் பக்கமாகவும், பாலையும் வீரையும் முதிரையும் கருங்காலியும் நின்று நிழல் தரும் வறண்ட வலயக் காடு அதன் வாழிடம். உச்சிக்கிளையில் வந்து உட்கார்ந்து தன்னைக் காட்டிக்கொள்ளாது. இடுப்பளவு உயரத்தில், கொடியும் முள்ளும் பின்னிய அடிக்காட்டில் இருந்துதான் பாடும். அதனால் கண்ணுக்கு அகப்படுமுன் காதுக்கு அகப்படும்.

பாட்டு தாழ்ந்த சுரத்தில், முழுமையான குழலொலியாகத் தொடங்கும். மூன்று நான்கு சுரங்கள் ஒரு சொற்றொடர்போல வந்து நிற்கும். சிறு இடைவெளி. அடுத்த தொடர் வேறொன்று. முதலாவதின் கடைசிச் சுரத்தை எடுத்துக்கொண்டு மேலே போகலாம், அல்லது முற்றிலும் புதிய இடத்தில் தொடங்கலாம். நடுவே கிறீச்சென்ற சிறு ஒலிகளும் பிற பறவைகளிடமிருந்து எடுத்த குரல்களும் வந்து கலக்கும். ஆள் அரவம் கேட்டால் பாட்டு அறுந்து, ‘டக், டக்’ என்ற வறட்டுச் சத்தம் வரும். வால் மேலே வெட்டி இறங்கும். அசையாமல் நின்றால் மறுபடி தொடங்கும். பறவையின் குரலுறுப்பு மூச்சுக்குழல் இரண்டாகப் பிரியும் இடத்தில் இருக்கிறது. அதன் இரு பக்கங்களும் தனித்தனியே இயங்கக்கூடியவை. ஒரே மிடற்றிலிருந்து இரண்டு குரல் வருவதாக நமக்குத் தோன்றுவது பிரமை அல்ல. இந்தப் பாட்டு பிறவியிலேயே முழுதாக வந்துவிடுவதும் இல்லை. பாடும் பறவைகளின் குஞ்சுகள் மூத்தவற்றைக் கேட்டுத்தான் கற்றுக்கொள்கின்றன. காட்டின் ஒரு துண்டில் பறவைகள் அற்றுப்போனால், அந்த இடத்துக்கே உரிய பாட்டு வழக்கும் சேர்ந்தே போய்விடுகிறது.

உலகில் முதன்முதலாக ஒலிப்பதிவு செய்யப்பட்டதாக அறியப்படும் பறவைப் பாட்டு நைட்டிங்கேலுடையது அல்ல, சோலைபாடியினுடையதுதான். 1889இல் ஜெர்மனியில் லுட்விக் கோக் என்ற எட்டு வயதுச் சிறுவன், எடிசனின் மெழுகு உருளைக் கருவியில், வீட்டில் கூண்டில் வளர்ந்த ஷாமாவின் குரலைப் பதிந்தான். பின்னாளில் நாசிகளிடமிருந்து தப்பி இங்கிலாந்துக்குப் போய், வானொலி வழியே ஒரு நாட்டையே பறவைகளைக் கேட்கப் பழக்கியவர் அவர். வெப்பமண்டலக் காட்டின் குரல் முதலில் பதிவானது கூண்டுக்குள், ஐரோப்பிய வீடொன்றில்! அது என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. கூண்டுக்காக இப்பறவையைப் பிடிப்பது தென்கிழக்காசியாவில் இன்று பெருவணிகமாகிவிட்டது. பல தீவுகளில் காடு இருந்தும் சோலைபாடி இல்லை. 2022 நவம்பரில் பனாமாவில் கூடிய, அருகிவரும் உயிரினங்களின் வணிகம் பற்றிய சைட்டிஸ் உடன்படிக்கையின் மாநாடு, சோலைபாடியின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் இரண்டாம் பட்டியலில் அதைச் சேர்த்தது. இலங்கையில் அந்த அளவுக்குக் கூண்டு மோகம் பரவவில்லை. இங்கே ஆபத்து வேறு திசையிலிருந்து வருகிறது.

இளவேனில் என்ற பருவம் திருகோணமலையில் எப்படி வருகிறது என்பதையும் சொல்லவேண்டும். லண்டனில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் எட்டு மணிநேரத்துக்கு மேல் வேறுபாடு உண்டு. பகல் நீள நீளப் பறவையின் மூளையும் இனப்பெருக்கச் சுரப்பிகளும் விழித்து, பாட்டு பெருகுகிறது. வட அகலக்கோடு எட்டரைப் பாகையில் இருக்கும் திருகோணமலையில் அந்த வேறுபாடு ஏறக்குறைய ஒரு மணிநேரம்தான். இவ்வளவு சிறிய மாற்றத்தை ஒரு பறவையால் உணர முடியுமா என்று நெடுங்காலம் ஐயம் இருந்தது. கிட்டத்தட்ட இதே அகலக்கோட்டில் இருக்கும் பனாமாவின் காட்டுப் பறவை ஒன்றை வைத்து மிக்கேலா ஹாவும் அவருடைய சகாக்களும் 1998இல் வெளியிட்ட ஆய்வு அந்த ஐயத்தைத் தீர்த்தது. பகல் வெறும் 17 நிமிடம் நீண்டதற்கே அப்பறவையின் உடல் இனப்பெருக்கத்துக்குத் தயாரானது, பாட்டும் கூடியது. ஆகவே நம் காட்டுப் பறவைகளுக்கும் நாட்காட்டி உண்டு என்று எண்ண இடமிருக்கிறது. அந்த நாட்காட்டியின் மேல் மழை எழுதுகிறது. ஐப்பசி தொடங்கித் தை வரை வாடைக்காற்றோடு வரும் மழைதான் திருகோணமலையின் முக்கிய மழை. அது ஓய்ந்து, காட்டில் ஈரமும் தளிரும் பூச்சியும் நிறைந்திருக்கும் மாசி, பங்குனி, சித்திரையில் சோலைபாடி கூடு கட்டப் பார்க்கிறது. வைகாசிக்குப் பிறகு கச்சான் காற்று வீசத் தொடங்கி மண்ணும் சருகும் காய்ந்து போகும்போது பாட்டும் இறங்கிவிடும்.

பங்குனி, சித்திரை விடியலில் திருகோணமலை நகரத்துக்குள்ளேயே ஒரு பாட்டு கேட்கும். அது சோலைபாடி அல்ல, அதன் நெருங்கிய உறவான குண்டுக்கரிச்சான். கறுப்பும் வெள்ளையுமாக, வாலைத் தூக்கிக்கொண்டு, கூரை முகட்டிலோ மின்கம்பியிலோ வெளிப்படையாக அமர்ந்து பாடும். சுவர்ப் பொந்திலும் தபால் பெட்டியிலும்கூடக் கூடு வைக்கத் தயங்காது. கோணேசர் கோவில் மணியும் பள்ளிவாசல் பாங்கும் துறைக்குத் திரும்பும் வள்ளங்களின் எஞ்சினும் எழும் அதே வேளையில் அதுவும் எழுகிறது. ஹரித்துவாரின் குருகுல காங்டி பல்கலைக்கழகத்தில் தினேஷ் பட்டும் அனில் குமாரும் இப்பறவையின் பாட்டை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். கூடு கட்டும் காலத்தில் விடியற்காலைப் பாட்டு எப்படி உச்சம் பெறுகிறது என்பதெல்லாம் அங்கே பதிவாகியிருக்கிறது. நகரத்துப் பறவைக்கு இரைச்சலோடு போட்டி போடவும் தெரியவேண்டும். பெர்லினில் ஹென்றிக் புரூம் 2004இல் வெளியிட்ட ஆய்வில், போக்குவரத்து இரைச்சல் மிகுந்த இடத்து நைட்டிங்கேல்கள் அமைதியான இடத்தவற்றை விட 14 டெசிபெல் வரை உரக்கப் பாடின. வார இறுதியில் வாகனம் குறைந்ததும் குரலைத் தணித்துக்கொண்டன. குண்டுக்கரிச்சான் நம்மோடு வாழப் பழகிக்கொண்ட பறவை. சோலைபாடி பழகவில்லை. அதற்கு மூடிய அடிக்காடு வேண்டும், கூடு வைக்கப் பொந்துள்ள முதிய மரம் வேண்டும். அந்த இரண்டும் இருக்கும் இடம் திருகோணமலையில் எது என்று பார்த்தால், பெரும்பாலும் ஏதோ ஒரு வேலிக்கு அப்பால்.

இங்கிருந்துதான் துறைமுகத்தின் கதை தொடங்குகிறது. உலகின் ஆழமான இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று என்பதால் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று ஒருவர் பின் ஒருவராக வந்து இதைப் பிடித்தார்கள். பிடித்தவர்கள் கோட்டை கட்டினார்கள், எல்லை வகுத்தார்கள். குடிமக்களுக்கு மூடப்பட்ட நிலத்தில் மரம் தப்பியது. துறைமுகத்துக்குள்ளே இருக்கும் சோபர் தீவுகள் இரண்டும் 1963இல் சரணாலயங்களாயின. அதே ஆண்டில் கடற்படைத்தளத்துக்கு நீர் தரும் நீரேந்துப் பகுதியைச் சுற்றிய ஏறத்தாழ 18,000 ஹெக்டயர் நிலமும் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. போர்க்கப்பல்களுக்கு நன்னீர் வேண்டும் என்ற தேவை ஒரு பெருங்காட்டுக்குக் காவலாக அமைந்தது. ஆனால் இலங்கைச் சட்டப்படி சரணாலய எல்லைக்குள் தனியார் காணியும் இருக்கலாம். எல்லைக்கோடு இருப்பதால் மட்டும் மரம் நின்றுவிடாது.

வேலி காட்டைக் காத்ததற்குச் சீனன்குடா எண்ணெய்த் தாங்கிப் பண்ணை இன்னும் கூர்மையான சான்று. இரண்டாம் உலகப் போருக்கு முன்னரே பிரித்தானியர் அங்கே பிரமாண்டமான இரும்புத் தாங்கிகளை நிறுத்தினார்கள். 1942 ஏப்ரல் 9ஆம் நாள் காலை யப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கியபோது, அவற்றில் ஒன்று தாங்கியொன்றின் மீது விழுந்து தீப்பற்றியது; உருகி நெளிந்த அதன் இரும்பு இன்றும் அங்கே கிடக்கிறது. அதே ஆண்டு மே 19ஆம் நாள் இரவு, இங்கிலாந்தின் சரே மாவட்டத்தில் நைட்டிங்கேலின் பாட்டை நேரடியாக ஒலிபரப்ப பி.பி.சி. ஆயத்தமாக இருந்தது. மன்ஹைம் நகரைத் தாக்கப் புறப்பட்ட குண்டுவீச்சு விமானங்களின் இரைச்சல் ஒலிவாங்கியில் ஏறத் தொடங்கியது. தாக்குதல் பற்றி எதிரிக்குத் தெரிந்துவிடும் என்று பொறியியலாளர் ஒலிபரப்பை நிறுத்திவிட்டார். பதிவு மட்டும் தொடர்ந்து ஓடியது. பறவையும் விமானமும் சேர்ந்து ஒலிக்கும் அந்தப் பதிவை இன்றும் கேட்கலாம். ஏப்ரல் மாதத்து அந்தக் காலையில் சீனன்குடாக் காட்டில் எவை பாடிக்கொண்டிருந்தன என்பதற்கு அப்படி ஒரு பதிவு இல்லை. இரண்டு இடத்திலும் போர். ஓரிடத்தில் மட்டும் பறவையைக் கேட்க ஒருவர் ஒலிவாங்கியோடு நின்றார்.

பேரரசு போன பின் பண்ணையின் மேற்பகுதித் தாங்கிகள் பயனின்றிக் கிடந்தன. காடு அவற்றின் நடுவே வளர்ந்து, சுற்றி வளைத்து, மூடிவிட்டது. 1983க்குப் பிறகு வந்த உள்நாட்டுப் போர் மாவட்டத்தின் மற்றக் காடுகளையும் மூடியது. விறகுக்கும் தேனுக்கும் போனவர்களே போக அஞ்சிய காலத்தில் பறவை கேட்க யார் போவது? நினைத்துப் பார்த்தால், மூதூர், வெருகல் பக்கத்துக் கரையோர வேடர் உட்படக் காட்டை அண்டிப் பிழைத்தவர்கள்தான் இந்தப் பாட்டுகளின் முதல் அவையோர். எந்தக் குரலுக்குப் பின்னால் பாம்பு, எந்தக் குரலுக்குப் பின்னால் தண்ணீர் என்று காதால் காட்டை வாசிக்கத் தெரியாமல் அந்த வாழ்க்கை நடக்காது. போர் அவர்களையும் இடம் பெயர்த்தது.

எழுத்தில் பதிந்தவர்கள் பெரும்பாலும் வெளியிலிருந்து வந்தவர்களே. பீரங்கிப்படை அதிகாரியான வில்லியம் வின்சென்ட் லெக் 1868 முதல் 1877 வரை இலங்கையில் பணியாற்றி, 1878க்கும் 1880க்கும் இடையில் இலங்கைப் பறவைகளின் வரலாற்றைப் பெருநூலாக வெளியிட்டார். ஓவியர் கியூலமன்ஸ் வரைந்த வண்ணப் படங்களோடு வந்த அந்த நூலில் திருகோணமலையின் பெயர் திரும்பத் திரும்ப வரும். வேலிக்கு உள்ளே நிற்க அனுமதி பெற்றவர் அவர். இலங்கைச் சோலைபாடிக்கு 1941இல் ஹியூ விஸ்லர் ‘லெக்கி’ என்று அவர் பெயரையே இட்டார். உள்நாட்டிலேயே பிறந்த ஜீ. எம். ஹென்றி 1955இல் எழுதிய வழிகாட்டி நூல் வரும்வரை சாதாரண வாசகர் கையில் வைத்துக்கொண்டு காட்டுக்குப் போக ஒரு புத்தகம் இருக்கவில்லை என்றே சொல்லலாம். அண்மைக்காலத்தில், குரலிலும் மரபணுவிலும் உள்ள வேறுபாடுகளைக் கொண்டு சோலைபாடி என்ற ஒரே பெயருக்குள் பல இனங்கள் அடங்கியிருக்கலாம் என்ற கருத்து வலுத்து வருகிறது. இலங்கைப் பறவையைத் தனி இனமாகவே கொள்ளும் பட்டியல்களும் வந்துவிட்டன. அப்படியானால் இது இந்தத் தீவுக்கு மட்டுமே உரிய குரல்.

கேட்பது எவ்வளவு பெரிய அறிவியல் என்பதற்கு இலங்கையிலேயே மறுக்க முடியாத சான்று உண்டு. 1995இல் தீபால் வரகாகொட மழைக்காட்டில் இனந்தெரியாத ஓர் இரவுக் குரலைக் கேட்டார். அந்தக் குரலுக்கு உரிய ஆந்தையைக் கண்ணால் கண்டது 2001இல், சிங்கராஜக் காட்டில். 2004இல் அது புதிய இனமாக உலகுக்கு அறிவிக்கப்பட்டது. ஒரு நூற்றாண்டுக்கு மேலாக இலங்கையில் புதிய பறவையினம் எதுவும் கண்டுபிடிக்கப்படாமல் இருந்த நிலை, காது கொடுத்த ஒரு மனிதரால் மாறியது. ஆறு ஆண்டு ஒரு குரலின் பின்னால் நடக்கும் பொறுமைக்கு நான் தலைவணங்குகிறேன்.

திருகோணமலைக்கும் அப்படி ஒரு பெருமை உண்டு, கடலில். 1980களின் தொடக்கத்தில் ‘டூலிப்’ என்ற பாய்மரப் படகில் வந்த ஆய்வாளர்கள் இந்தத் துறைமுகத்துக்கு வெளியே திமிங்கிலங்களைத் தேடினார்கள். துறைமுக வாயிலுக்கு அருகிலேயே கடலடியில் ஆழ்பள்ளம் இறங்குவதால், கரையிலிருந்து அதிகம் போகாமலே நீலத் திமிங்கிலத்தைக் காணலாம். 1984இல் அவற்றின் பாட்டு இங்கே பதிவானது. இலங்கைக் கடலின் நீலத் திமிங்கிலத்துக்குத் தனியான பாட்டு உண்டு என்று உலகம் அறிய அந்தப் பதிவுகள் உதவின. பிற்கால ஆய்வாளர்கள் அவற்றைப் பின்னாளைய பதிவுகளோடு ஒப்பிட்டு, திமிங்கிலங்களின் சுருதி ஆண்டுக்கு ஆண்டு மெல்லத் தாழ்ந்து வருவதைக் கண்டார்கள். காரணம் இன்னும் விவாதத்தில் இருக்கிறது. ஆனால் 1984இன் நாடா இல்லையென்றால் கேள்வியே எழுந்திருக்காது. ஒரு குரல் மாறிவிட்டது என்று சொல்ல, அது முன்பு எப்படி இருந்தது என்று யாராவது பதிந்து வைத்திருக்கவேண்டும். கடலுக்குக் கிடைத்த அந்த அடிப்படைப் பதிவு காட்டுக்கும் வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரையில் நான் வற்புறுத்த வந்தது.

அது முன்போல் கடினமான வேலை அல்ல. கைத்தொலைபேசியே நல்ல ஒலிப்பதிவுக் கருவி. இடம், நாள், நேரம், காற்று, அருகில் வீதி உண்டா இல்லையா என்பவற்றைக் குறித்து வைத்தால் ஒரு பாடசாலை மாணவியின் பதிவும் ஆய்வுக்கு உதவும். உலகெங்கும் இருந்து வரும் பறவைக் குரல்களைத் தொகுக்கும் செனோ கான்டோ தளம் 2005 முதல் எவர் பதிவையும் ஏற்கிறது. 1976இல் கொழும்பில் தொடங்கிய இலங்கைக் களப் பறவையியல் குழு போன்ற அமைப்புகள் வழிகாட்டுகின்றன. பாடுவது ஆண் மட்டுமே என்ற பழைய எண்ணத்தோடும் போகவேண்டாம். 2014இல் வெளியான உலகளாவிய ஆய்வு ஒன்று, தகவல் கிடைத்த பாடும் பறவை இனங்களில் 71 வீதத்தில் பெண்ணும் பாடுகிறது என்று காட்டியது. ஐரோப்பாவின் இளவேனிலை வைத்து எழுதிய பாடப்புத்தகம் நம் காட்டுக்கு அப்படியே பொருந்தாது.

நேரம் முக்கியம். கிழக்கு வெளுக்குமுன் போய்விட வேண்டும். அப்போது காற்றோட்டம் தணிந்து, குளிர்ந்த காற்று மண்ணோடு படிந்திருக்கும். ஒலி வெகு தூரம் வரும். வெயில் ஏறிச் சில்வண்டுகள் தொடங்கிவிட்டால் மெல்லிய சுரங்கள் அதில் அமிழ்ந்துவிடும். மாலையில் சோலைபாடி மற்றப் பறவைகள் அடங்கிய பின்னும் பாடும். பெரிய கண்ணுள்ள பறவைகள் மங்கிய ஒளியிலேயே பாடத் தொடங்குகின்றன என்று 2002இல் ஓர் ஆய்வு காட்டியது. சோலைபாடியின் அந்தப் பெரிய கருவிழியைக் கண்டவர்களுக்கு அது வியப்பாக இராது. பங்குனியில் போனால் இன்னொரு பேறும் உண்டு. இமயமலை அடிவாரம்வரை திரும்பிப் போகக் காத்திருக்கும் ஆறுமணிக் குருவி, தன் இரட்டைச் சீழ்க்கையை அதே அந்தியில் அடித்துக்கொண்டிருக்கும். இருட்டிய பின் பக்கி என்ற இரவுப் பறவைகளின் முறை. அவை பாட்டுக்காரர்கள் அல்ல என்று ஒதுக்குவோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை.

இதற்கெல்லாம் இப்போது அவசரம் ஏன் என்றால், வேலிகள் நகர்கின்றன. போர் முடிந்து மக்கள் தம் காணிக்குத் திரும்புவது நீதி. வீதியும் வேலையும் வேண்டும். அதை மறுத்துக் காட்டைப் பேசுவது எனக்கு உடன்பாடல்ல. ஆனால் எண்ணெய்த் தாங்கிகளைப் பாருங்கள். 2022 ஜனவரியில் கையெழுத்தான உடன்படிக்கைப்படி 99 தாங்கிகளில் 14 லங்கா ஐ.ஓ.சி. நிறுவனத்திடமும், 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்திடமும், எஞ்சிய 61 இரண்டும் சேர்ந்த கூட்டு நிறுவனத்திடமும் போகின்றன. தாங்கியைப் புதுப்பிக்க வேண்டுமானால் முதலில் அதை மூடிய காட்டை வெட்டவேண்டும். வெட்டுவதற்கு முன் அங்கே என்ன பாடுகிறது என்று ஒருமுறையாவது கேட்டு எழுதுவது பெரிய செலவல்ல. பொந்துள்ள முதிய மரங்கள் எவை என்று குறித்தால் அவற்றில் சிலவற்றையாவது விட்டுவைக்கலாம். 1937இன் தாவர, விலங்குப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் காலத்திலிருந்தே பறவையைக் கொல்லாமல் காக்கச் சட்டம் உண்டு. அதன் கூடிருக்கும் மரத்தைக் காக்க அங்கே கூடு உண்டு என்ற தகவல் வேண்டும்.

அந்தத் தகவலைத் திரட்ட வருகிறவர்கள் மாசியிலிருந்து வைகாசிக்குள் வரவேண்டும், விடியுமுன் வரவேண்டும், காதோடு வரவேண்டும். கச்சான் வீசும் ஆவணியில், நண்பகலில், கண்ணை மட்டும் நம்பி எடுக்கும் கணக்கெடுப்பில் சோலைபாடி இல்லை என்றே எழுதப்படும். அந்தத் தாளை வைத்துத்தான் மரம் வெட்ட அனுமதி கிடைக்கும்.